விடுப்பு கேட்கும் அட்டை

எனக்குப் பிறகு பிரெஞ்சு வகுப்பை எடுக்கும் பிரியங்கா போன வாரம் விவேக் நகரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு டேப்லெட், அதில் ஒரு செயலி. பிரெஞ்சு வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கு இனி ஆசிரியர் எதிரே உட்கார வேண்டாமாம். அந்தச் செயலியே மேலதிகாரியாகவும் நோயாளியாகவும் கடைக்காரராகவும் பேசுமாம். மாணவர் பேசி முடித்ததும் எந்த வினைச்சொல்லில் பிழை என்று சிவப்பில் காட்டுமாம்.

"மிஸ், நீங்க ஒரு தடவ பேசிப் பாருங்க. எங்க சரியில்லன்னு சொல்லுங்க. அப்படியே உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா நம்ம ஆண்டு மலர்ல போட்டுடலாம்" என்றாள்.

பேசிப் பார்த்தேன். பெண் குரல், நல்ல உச்சரிப்பு. என்னை ஒரு முதியோர் இல்லத்தின் நர்ஸாக வைத்துக்கொண்டு, 'இப்போது நீங்கள் போக முடியாது' என்று பிரெஞ்சில் சொன்னது. நான் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி போட எழுந்துவிட்டேன். பிரியங்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளிடம் அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஆண்டு மலரில் போடுவதும் போடாததும் அவள் பாடு. வாழ்த்துரை மாதிரி இது இருக்காது.

நான் பிரெஞ்சு கற்ற கதையில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது. கான்வென்டில் இந்தி டீச்சரோடு ஒத்துப்போகாமல் பிரெஞ்சு பெஞ்சில் போய் உட்கார்ந்தவள் நான். உட்கார்ந்த இடத்திலேயே பட்டம், டிப்ளமா, பள்ளிக்கூட வேலை எல்லாம் வந்து சேர்ந்தன. பள்ளிப் பிள்ளைகளை வினைத்திரிபு அட்டவணைகளை உருப்போட வைத்தே பாதி ஆயுள் போயிற்று. அதற்குப் பிறகுதான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்த பயிற்சி மையத்துக்கு வந்தேன். பிரெஞ்சு பேசும் நாடுகளின் முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கு மொழி கற்றுத்தரும் இடம் அது. ஆளைப் பிடித்து அனுப்புவது ஒரு ஏஜென்சி. பேசவைப்பது நாங்கள்.

மையத்தின் தலைவர் அமலதாஸ், புதுச்சேரிக்காரர். எல்லாருக்கும் அவர் 'முசியே'தான், பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம், வாட்ச்மேனுக்குக்கூட. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதனால் அவர் குரல் இறங்கினாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கரும்பலகையை அவரேதான் துடைப்பார், மேலிருந்து கீழாகக் கோடு கோடாக. மற்றவர்கள் வட்டம் வட்டமாகத் துடைத்துச் சாக்பீஸ் தூளைப் பரப்பிவிடுகிறார்கள் என்று குறைப்படுவார். மதியம் தயிர்சாதத்தைக்கூட ஸ்பூனில்தான் சாப்பிடுவார். நான் கேலி செய்தால் சிரிக்க மாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

நான் சேர்ந்த அன்று என்னைக் கேட்டார்: "ஸ்டெல்லா, இவங்களுக்கு அஞ்சு மாசம்தான் டைம். அட்டவணை பூரா மனப்பாடம் பண்ண வெச்சா பல வருஷம் ஆகும். என்ன பண்ணுவீங்க?"

பள்ளிக்கூட டீச்சருக்கு என்ன தெரியும்? அவர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரே சொல்லை எழுதினார்: ஆன்ஃபினிதீஃப்.

அது பிரெஞ்சு வினைச்சொல்லின் முழு வடிவம். அகராதியில் வினை அந்த உருவத்தில்தான் இருக்கும். யார் செய்தார், எப்போது செய்தார் என்ற விவரம் எதுவும் அதில் ஒட்டியிருக்காது. 'பார்த்தீர்' என்றால் போக. 'லவே' என்றால் கழுவ. 'அத்தாந்த்ர்' என்றால் காத்திருக்க. முடிவை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். பலகையில் மூன்று பத்தி போட்டு, நர்ஸ் வேலைக்கு வேண்டியதையெல்லாம் முதல் வாரத்திலேயே எழுதிவிடுவோம்: கழுவ, துடைக்க, தூக்க, திருப்பிப் படுக்கவைக்க, ஊட்ட, ஊசி போட.

அடுத்து முசியேயின் வேலை. வேண்டும், முடியும், விரும்புகிறேன், போகிறேன் என்று பொருள் தரும் நாலைந்து வினைகளை மட்டும் எல்லா உருவத்திலும் உருப்போட வைப்பார். அவற்றுக்குப் பின்னால் வேறு எந்த வினையையும் முழு வடிவத்தில், மாற்றாமல் கொண்டுவந்து வைத்தால் போதும். 'இல் ஃபோ பார்த்தீர்' என்றால் போக வேண்டும். 'ழ ப பார்த்தீர்' என்றால் என்னால் போக முடியும். வருவதற்கான வினையை முன்னால் போட்டு, இடையில் ஒரு சின்ன 'த' சேர்த்தால், இப்பதான் நடந்தது என்று ஆகிவிடும். இறந்தகால அட்டவணையே தேவையில்லை.

தமிழ்க்காரர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். போக வேண்டும், போக முடியும், போக விடு என்று நாமும் 'போக'வை அசைக்காமல்தானே வைக்கிறோம்! ஆனாலும் முதல் மாதம் எல்லாரும் பின்னால் வரும் வினையையும் திரித்துவிடுவார்கள். 'நான் விரும்புகிறேன் நான் போகிறேன்' என்பது மாதிரி வரும். முசியே ஒன்றும் சொல்ல மாட்டார். பலகையில் அந்த இரண்டாவது சொல்லுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு நிற்பார். மாணவர் தானாகத் திருத்தும்வரை விரலை எடுக்க மாட்டார். சாப்பிடாமல், சாப்பிடும் முன், சாப்பிட என்று எதைச் சொன்னாலும் முன்னால் வரும் சின்னச் சொல்தான் மாறும், வினை அதே முழு வடிவத்தில் நிற்கும். மருந்துப் புட்டியிலும் கதவுகளிலும் 'திறக்காதே, தொடாதே' என்பதையும் இதே வடிவத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஒரு நோயாளியைக் காலையிலிருந்து இரவுவரை பார்த்துக்கொள்ள இவ்வளவு போதும் என்பார் முசியே. உண்மையிலேயே போதும். எத்தனையோ பேரை நாங்கள் அப்படிப் பேசவைத்து அனுப்பினோம்.

இதோடு சேர்ந்து ஒரு விதியும் இருந்தது. வகுப்பறைக் கதவைத் தாண்டி உள்ளே வந்தால் பிரெஞ்சு மட்டும்தான். தண்ணீர் குடிக்கப் போவதானாலும், தலைவலி என்றாலும் பிரெஞ்சில்தான் கேட்க வேண்டும். தமிழிலோ கன்னடத்திலோ ஒரு வார்த்தை வந்தால் அன்றைய மதிப்பெண் பூஜ்யம், ஏஜென்சிக்கும் தகவல் போகும். கைப்பேசிகள் ஒரு மரப்பெட்டிக்குள். பெட்டிச் சாவி முசியேயின் சட்டைப் பையில். கடுமையான விதிதான், ஆனால் பலன் கொடுத்தது. மூன்றாவது மாதத்தில் பெண்கள் அந்த வாசலில் கால் வைத்ததும் நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

சுமதி அப்படித்தான் மாறியிருந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர். கணவர் ரமேஷுக்குத் தொழிற்சாலைகளில் கூரைத் தகடு பொருத்தும் வேலை. ஆனேக்கலில் வாடகை வீடு, இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். இருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஏஜென்சியில் சேர்ந்திருந்தாள். தினமும் பஸ் மாறி மாறி வந்து, நின்றபடியே வினைகளை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் கண்டக்டர், "ஏனம்மா, மந்த்ரானா?" என்று கன்னடத்தில் கேட்டாராம், என்னம்மா மந்திரமா என்று. அந்தக் கதையை அவள் வகுப்பில் பிரெஞ்சில் சொன்னபோது முசியே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் மொதல்ல போயிடறேன் மிஸ். ஒரு வருசத்துல பாப்பாவையும் அவரையும் கூட்டிக்குவேன். அவருக்கு இந்த மேல ஏர்ற வேலை வேணாம் மிஸ். தெனம் பயந்துகிட்டே இருக்க முடியல" என்று பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் சொன்னாள். அவள் எதற்காகப் படிக்கிறாள் என்பது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு மாதிரி வாய்மொழித் தேர்வு வைப்போம். முறை இதுதான். மேசைமேல் அட்டைகள் விசிறி மாதிரி கவிழ்ந்து கிடக்கும். மாணவர் ஒன்றை எடுத்து, மனதுக்குள் படித்து, தட்டில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு நிலைமை எழுதியிருக்கும்: நோயாளி மருந்து வேண்டாம் என்கிறார், உறவினர் புகார் சொல்கிறார், குடும்பத்தில் அவசரம் என்று மேலதிகாரியிடம் விடுப்பு கேட்க வேண்டும். எதிராளியாக நடிப்பது முசியே. விடுப்பு அட்டைக்கு மட்டும் தனி விதி உண்டு. மேலதிகாரி உடனே சம்மதித்துவிட்டால் மாணவர் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே அவர் இரண்டு முறை மறுக்க வேண்டும், மூன்றாவது முறைதான் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு அட்டைக்குப் பத்து நிமிடம். பேசி முடித்தவர்கள் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களைக் கவனிப்பார்கள், நன்றாகப் பேசினால் கைதட்டுவார்கள்.

அன்று நான் அறையின் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், இன்னொரு குழுவுக்கு எழுத்துத் தேர்வு வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததைச் சுமதியின் தோழி ஜான்சி பிறகு வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

சுமதி தன் முறைக்காக நடையில் பெஞ்சில் காத்திருந்தாள். வரவேற்பு மேசையில் போன் வந்தது. எடுத்த மஞ்சுளா ஓடிவந்து, "சுமதி, நிம் யஜமான்ரு பித்பிட்ரந்தே, பேக ஹோகி" என்றாள். உன் வீட்டுக்காரர் விழுந்துவிட்டாராம், சீக்கிரம் போ. எந்த ஆஸ்பத்திரி என்பதை அவள் கைப்பேசிக்குச் சொல்வதாகச் சொல்லி, பேசிய கொழுந்தன் போனை வைத்துவிட்டார். கைப்பேசியோ பெட்டிக்குள்.

சுமதி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். முசியே தலையைக் குனிந்து முந்தைய மாணவிக்கு மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தியபோது எதிரே சுமதி. தட்டில் ஒரு அட்டை கிடந்தது, முந்தைய மாணவி வைத்துவிட்டுப் போனது.

"முசியே, போக வேண்டும். என் கணவர் இப்பதான் விழுந்தார். போன் செய்ய வேண்டும்" என்றாள், பிரெஞ்சில். ஒரு பிழை இல்லை.

முசியே பேனாவை வைத்தார். நாற்காலியில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு, மேலதிகாரியின் குரலில் சொன்னார்: "இப்போது நீங்கள் போக முடியாது."

அவள் மறுபடி சொன்னாள். அவர், எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார், மருத்துவரிடம் காட்டியாயிற்றா என்று கேட்டார். தேர்வில் கேட்பார்கள் என்பதால்தான் கேட்டார். அவள் தெரியாது, தெரியாது என்றாள். 'காத்திருக்க முடியாது' என்றாள். அழுதாள். அவர் இரண்டாவது முறையும் மறுத்தார். முதலில் நோயாளிகளைக் கழுவி முடிக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பின்னால் ஜான்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம், சுமதி எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று. மூன்றாவது முறை, சுமதி மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோது, முசியே புன்னகையோடு, "சரி, நீங்கள் போகலாம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மதிப்பெண்ணை எழுதிவிட்டு, 'உட்காருங்கள்' என்று பின் வரிசையைக் காட்டினார்.

எனக்குக் கேட்டது அந்தக் கைதட்டல். அடுத்து தடுப்பைத் தாண்டி ஒரு குரல்: "சார், நெஜமா சார்! நெஜமாவே விழுந்துட்டாரு சார்! போனக் குடுங்க சார்!" அந்தக் கட்டடத்தில், அந்த நேரத்தில், தமிழ். நான் ஓடிப்போனபோது முசியேயின் கை சட்டைப் பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தது. கைக்கு அகப்படவில்லை. நானே எடுத்துப் பெட்டியைத் திறந்தேன்.

ஓசூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி. ஆட்டோவில் நான் கூடப் போனேன். வழிநெடுக சிக்னலில் நின்று நின்றுதான் போனோம். சுமதி அழுகையை நிறுத்தியிருந்தாள். பாதி வழியில் என் கையைப் பிடித்து ஒன்று கேட்டாள்.

"மிஸ், தமிழ்ல பேசிட்டேனே. சார் ஏஜென்சிக்கு எழுதிடுவாரா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல! அவள்மேல் இல்லை. இப்படி ஒரு கேள்வி இந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குத் தோன்றும்படி பழக்கி வைத்திருக்கிறோமே என்று. "எவனும் எழுத மாட்டான், நீ சும்மா இரு" என்று அதட்டினேன்.

கொழுந்தன் முருகன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, இப்பதான் அண்ணி. பத்து நிமிசம்கூட ஆவல. சுமதி வந்தாச்சா, சுமதி வந்தாச்சான்னு கேட்டுகினே இருந்தாரு."

பத்து நிமிடம்.

அன்று சாயங்காலம் மையத்துக்குத் திரும்பி வந்து முசியேயிடம் சண்டை போட்டேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகை.

"நடிப்புன்னு நெனச்சேன் ஸ்டெல்லா" என்றார், மெதுவாக.

"அழுதாளே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"அதுக்குத்தான் மார்க் கூடப் போட்டேன்."

அவர் கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அடக்கத்துக்குக் கிருஷ்ணகிரிக்கு அவரும் பஸ்ஸில் வந்தார். பந்தலுக்குள் வராமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாளே ஏஜென்சியிலிருந்து போன். "மேடம், அவங்க வரலேன்னா சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடலாமா? லிஸ்ட் அனுப்பணும்." அந்த ஆளுக்கு நான் சொன்ன பதிலை ஆண்டு மலரில் போட முடியாது.

சுமதி காரியம் முடிந்ததும் வந்தாள். தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. பிறகு அவள் தேறினாள், போனாள், மகளையும் அழைத்துக்கொண்டாள். கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நல்ல சேதி என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் என் மனதை விட்டு அகலாதது அவள் திரும்பி வந்த அந்த நாள்தான்.

நெற்றியில் பொட்டில்லை. மற்றபடி அதே பை, அதே நோட்டு. கைப்பேசியைப் பெட்டியில் போடப் போனாள். பெட்டி அங்கே இல்லை. முசியே எழுந்து நின்றார். அந்த அறைக்குள் மாணவர்களிடம் அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

"சுமதி, அன்னைக்குப் போட்ட அந்த மார்க்கை எடுத்துடறேம்மா."

"வேணாம் சார். அது இருக்கட்டும், எனக்கு வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு நான் தப்பா ஒண்ணும் பேசல சார்."

முசியே வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் மேலதிகாரியாக உட்காரவே இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலி எனக்குத்தான். அதில் உட்கார்ந்த முதல் நாளே நான் ஒரு விதி வைத்தேன். நடிக்கிறவர் கடைசிவரை அட்டையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். கையில் அட்டை இல்லாமல் யார் எந்த மொழியில் என்ன சொன்னாலும் அது நிஜம். எழுந்து ஓட வேண்டும். பிரியங்கா, உன் செயலியில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்.

அன்று முசியே வெளியே போனதும் சுமதி மேசைக்கு வந்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, தேடி, விடுப்பு அட்டையை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"வேற எடு சுமதி" என்றேன்.

"இல்ல மிஸ். பரீட்சையில இதுவே வந்துட்டா நான் நடுங்கக் கூடாது. இதையே கேளுங்க."

அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முசியே, போக வேண்டும். என் கணவர் இப்பதான் விழுந்தார். அட்டையில் 'குடும்பத்தில் அவசரம்' என்றுதான் இருந்தது. தாய் என்று சொல்லியிருக்கலாம், தங்கை என்று சொல்லியிருக்கலாம். அவள் அதையேதான் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. என்னைப் பார்த்தபடி பதிலுக்காகக் காத்திருந்தாள்.

என்னால் முடியவில்லை. "போங்கள். நீங்கள் போகலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"மிஸ், அப்படிச் சொல்லக் கூடாது. மொதல்ல ரெண்டு தடவ முடியாதுன்னு சொல்லணும். அப்பதான் எனக்குப் பழகும்" என்றாள். மறுபடி அட்டையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சொன்னேன்.